விடுமுறைக் கால நடிப்புப் பயிற்சிக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகளாகப் பாடசாலை நாடகங்களில் நடித்து வருகிறாள். தமிழ்த்தினப் போட்டியில் மாகாண மட்டம் வரை போனாள். ரொறன்ரோவிலுள்ள என் அக்கா, யூலை மாதத்தில் அங்கு உயர்தரப் பாடசாலை மாணவர்களுக்காக நடக்கும் நான்கு வாரத் தீவிர நடிப்புப் பயிற்சியில் அவளைச் சேர்க்கச் சொல்கிறார்; செலவையும் தானே ஏற்பதாகச் சொல்கிறார். இங்கேயும் ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாடகக் குழுவினர் 12 நாள் பயிற்சி வைக்கிறார்களாம். என் கணவருக்கு இரண்டிலும் விருப்பமில்லை. உயர்தரத்தில் வணிகம் படிக்க வேண்டிய பிள்ளை ஏன் காலத்தை வீணாக்க வேண்டும் என்கிறார். எதற்கு அனுப்பலாம்? அனுப்புவதால் பயன் உண்டா? உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் பாடத்தை எடுக்க விடலாமா?

– ஒரு தாய், கொக்குவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு கனடா வேண்டாம். ஓகஸ்ட் மாதப் பயிற்சிக்கு, அதை நடத்துபவர்களிடம் நேரிற் சென்று சில விடயங்களை விசாரித்த பின்னர், மகளை அனுப்புங்கள். உயர்தரப் பாடத்தெரிவை அந்தப் பயிற்சி முடிந்த பிறகு ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம். பாடசாலை மாணவர்களோடும் நாடக ஆசிரியர்களோடும் நெடுங்காலம் களப்பயிற்சிகளில் நின்றவன் என்ற வகையில் இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் கணவரும் இதை வாசிப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

சில வாரங்களுக்குள் அடங்கும் தீவிரப் பயிற்சி எதுவும், அது எந்த நாட்டில் நடந்தாலும், ஒரு பிள்ளையை நடிகையாக்கி அனுப்புவதில்லை. அது செய்யக்கூடிய பெரிய உதவி, இந்த வேலையின் அன்றாடம் எப்படியிருக்கும் என்பதைப் பிள்ளைக்குக் காட்டிவிடுவதுதான். மேடையில் கிடைக்கும் கைதட்டலை உங்கள் மகள் ஏற்கெனவே அறிவாள். ஒரே அசைவை நாற்பதாவது தடவை செய்யும்போது வரும் சலிப்பையும், அந்தச் சலிப்புக்குப் பிறகும் அதைத் திருத்திச் செய்யத் தோன்றுகிறதா இல்லையா என்பதையும் பாடசாலை நாடகம் அவளுக்குக் காட்டியிருக்காது. நாள் முழுவதும், நாள்தோறும் செய்து பார்த்தால்தான் அது தெரியவரும். பெற்றோர் கட்டணம் செலுத்துவது இந்தத் தெளிவுக்காகவே என்று நினைத்துக்கொண்டால், பின்னர் ஏமாற்றம் இராது.

எங்கள் பயிற்சிகளில் தொடக்க நாள்களில் கொடுக்கப்படும் ஒரு சிறு வேலையைச் சொல்கிறேன். வெறும் கூடம், கப்பியில்லை, கயிறில்லை, வாளியில்லை. கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளி வைக்குமாறு மாணவியிடம் கேட்போம். முதல் தடவை எல்லோரும் கைகளை மேலும் கீழும் அசைத்துவிட்டுப் பத்து விநாடியில் முடித்துவிடுவார்கள். அதன்பிறகுதான் கேள்விகள் தொடங்கும். கயிறு தும்புக் கயிறா, நைலோன் கயிறா? வாளி தண்ணீரைத் தொட்டவுடன் கயிறு சற்றுத் தளருமே, அந்தத் தளர்வு உன் கையில் ஏன் தெரியவில்லை? நிறைந்த வாளியை இழுக்கும்போது எந்தக் காலை ஊன்றினாய்? வாளியைக் கிணற்றுக்கட்டில் வைப்பதற்கு முன்னரே விரல்கள் விரிந்துவிட்டன. அப்படியானால் வாளி மறுபடியும் கிணற்றுக்குள் விழுந்துவிட்டதல்லவா? மோட்டரும் குழாயுமாக வளர்ந்த பிள்ளைகளிற் சிலர் அன்று மாலை வீட்டுக்குப் போய் உண்மையாகவே தண்ணீர் அள்ளிப் பார்த்துவிட்டு வருவார்கள். அடுத்த நாள் அவர்களது தோளும் இடுப்பும் வேறு மாதிரி வேலை செய்யும். அதன் பின்னர், வீட்டுக்குள் யாரோ சுகமில்லாமற் படுத்திருக்கிறார்கள், அங்கிருந்து கூப்பிடும் சத்தம் கேட்கிறது என்ற ஒரு சூழ்நிலையை மட்டும் சேர்த்து அதே வேலையை மீண்டும் செய்யச் சொல்வோம். அழவோ முகத்தைச் சுளிக்கவோ சொல்லவில்லை. ஆனாலும் கயிற்றை இழுக்கும் வேகத்திலேயே பதற்றம் தெரிந்துவிடும். நடிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் முகபாவனையை மட்டுமே நினைக்கும் பிள்ளைகளுக்கு இது முதலில் ஏமாற்றமாகவும், சிலருக்கு மாத்திரம், பெரும் விருந்தாகவும் இருக்கும். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்பதை 12 நாள்களிற் கண்டுகொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்த்தினப் போட்டியில் மாகாண மட்டம் வரை போனதைக் குறைத்து மதிப்பிடவில்லை. அத்தனை பிள்ளைகளை ஒழுங்குபடுத்தி அங்கே கொண்டுபோன ஆசிரியர்களின் உழைப்பை நான் அறிவேன். ஆயினும் போட்டி நாடகத்துக்கென்று சில பழக்கங்கள் படிந்துவிடுகின்றன. நேரம் குறைவு, நடுவர்கள் முன்வரிசையில், ஒலிவாங்கி மேடையின் விளிம்பில். ஆகவே பிள்ளைகள் எல்லா வசனத்தையும் உச்சத் தொனியிலேயே, பார்வையாளரைப் பார்த்தபடியே பேசப் பழகிவிடுகிறார்கள். பேச்சுப் போட்டிக்கும் நாடகத்துக்கும் ஒரே குரல். நெறிப்படுத்திய ஆசிரியரின் ஏற்ற இறக்கம் பத்துப் பிள்ளைகளின் வாயிலும் அப்படியே கேட்கும். நல்ல பயிற்சி ஒன்றின் முதற்பாதி இந்தப் பழக்கங்களைக் கழற்றுவதிலேயே போகும். அதனால் வீட்டுக்கு வந்து "முந்தி நல்லா நடிச்சனான், இப்ப ஒண்டும் வருகுதில்லை" என்று மகள் சலித்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். அது பயிற்சி வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கான அறிகுறி.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். "எங்க போட்டு வாறாய்?" என்ற ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம். மாலை ஆறு மணி கடந்து வீட்டுக்கு வரும் மகளை வாசலில் நின்று தாய் கேட்கிறாள். அதே தாய், முற்றத்தில் விருந்தினர் இருக்கும்போது கேட்கிறாள். பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம்பி திடீரென்று படலையைத் திறந்துகொண்டு வரும்போது கேட்கிறாள். சொற்கள் மாறவில்லை. யாரிடம், எதற்காக, எந்த நிலையில் கேட்கப்படுகிறது என்பது மாறியதும் குரலும் மூச்சும் நிற்கும் தூரமும் தாமாகவே மாற வேண்டும். தாமாக மாறாதபோது எதைக் கவனிக்கத் தவறினோம் என்று தேடுவதுதான் பாடம். வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழில் இந்தத் தேடலைச் செய்யும் பிள்ளை மிக விரைவாகக் கற்றுக்கொள்கிறது. ஏனெனில் எந்தத் தொனி பொய், எந்தத் தொனி மெய் என்பது அதன் காதுக்கு ஏற்கெனவே தெரியும். கனடாவைப் பற்றிய எனது தயக்கத்தின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் மொழியாகிய ஆங்கிலத்தில், வேறு வளர்ப்புக் கொண்ட பிள்ளைகள் நடுவில், நான்கு வாரத்தில் முதன்முறையாக இதைக் கற்க முற்படும்போது, உச்சரிப்புச் சரியா என்ற கவலையே அவளது கவனத்தின் பாதியைத் தின்றுவிடும்.

அந்தப் பயிற்சிகள் தரமற்றவை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வட அமெரிக்காவில் பாடசாலை மாணவருக்கான கோடைகாலக் கலைப் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் இன்ரலொக்கன் கலைமுகாம் 1928இலும், சிக்காகோவுக்கு அருகிலுள்ள நோர்த்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழகம் உயர்தரப் பாடசாலை மாணவருக்கென நடத்தும் கோடைகாலத் திட்டம் 1931இலும் ஆரம்பமானவை. இவ்வாறானவற்றில் காலையில் குரற்பயிற்சியும் உடற்பயிற்சியும், பின்னர் காட்சிகளை எடுத்து ஆராய்ந்து நடித்தலும், உடனுக்குடன் புனைந்து நடித்தலும், மாலையில் ஒத்திகையுமாக நாள் முழுவதும் நிரம்பியிருக்கும். ஆனால் அவை எந்தப் பிள்ளைகளுக்காக வடிவமைக்கப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே பல்கலைக்கழகங்களின் நடிப்புப் பட்டப்படிப்புக்குச் சேர்வதற்கு நேர்முகத் தெரிவில் நடித்துக்காட்ட வேண்டும். பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிமொழிகளை, அவற்றில் ஒன்று பல இடங்களில் ஷேக்ஸ்பியரிலிருந்து, தயாரித்துக்கொண்டு போக வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் அத்தகைய தெரிவுக்குப் போகவிருக்கும் மாணவர்களை ஆயத்தப்படுத்துவது இந்தக் கோடைகாலப் பயிற்சிகளிற் பலவற்றின் முக்கிய நோக்கம். கொக்குவிலுக்குத் திரும்பி வந்து உயர்தர வகுப்பில் அமரப்போகும் பிள்ளைக்கு அந்தப் பகுதியால் ஆகப்போவது குறைவு.

நடைமுறைச் சிக்கல்களும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கற்கைக்குக் கனடாவில் மாணவர் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆயினும் வருகை விசா வேண்டும், கைரேகைப் பதிவு வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவள் தனியே பயணம் செய்வதாயின் பெற்றோர் இருவரும் ஒப்பமிட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். விசா கிடைக்கும் என்ற உறுதியில்லை. கட்டணத்தின் ஒரு பகுதியை முற்பணமாகச் செலுத்திய பின்னர் விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை அக்கா முதலில் எழுத்தில் கேட்டுப் பெறட்டும். இவ்வளவையும் யூலைக்கு முன் ஓடியோடி முடித்து, பரீட்சை முடிந்த கையோடு தொடங்கிவிடும் உயர்தரத் தனியார் வகுப்புகளையும் விட்டுவிட்டு அனுப்புமளவுக்கு, இப்போது அவசரம் எதுவுமில்லை. பாடசாலை மாணவருக்கான திட்டங்களில் வயதெல்லை இருப்பதால் வாய்ப்புத் தவறிவிடும் என்று அக்கா சொல்லக்கூடும். அது உண்மைதான், எனினும் 18 வயதைத் தாண்டியவர்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகளும் அந்நாடுகளில் இருக்கின்றன. உயர்தரம் முடித்து, இங்கே சில தயாரிப்புகளில் நின்று, ஆங்கிலத்தையும் வளப்படுத்திக்கொண்டு போகும் பிள்ளை, இப்போது போவதை விடப் பலமடங்கு பெற்றுக்கொண்டு வரும். பெரியம்மாவைப் பார்க்க அவள் எப்போதாவது போகும்போது, ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணிநேரப் பயணத் தொலைவிலுள்ள ஸ்ரற்போர்ட் நகருக்கு ஒருமுறை கூட்டிச் செல்லச் சொல்லுங்கள்; 1953இலிருந்து அங்கு நடந்துவரும் நாடக விழாவில் தேர்ந்த நடிகர்களை நேரிற் பார்ப்பது பெரிய பாடம்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் வழியில்லை என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. கூத்து மரபில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் ஆட்டமும் பாட்டும் பழகியவர்கள் இரவிரவாக, மாதக்கணக்கில் பழகினார்கள். மட்டக்களப்பில், நடிகருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டுகளை எழுதிக் கொடுக்கும் சட்டங்கொடுத்தலில் தொடங்கிச் சதங்கை அணிந்து அரங்கேற்றம் வரை போகும் ஒழுங்கை விடத் தீவிரமான பயிற்சியை எந்தக் கோடைகால முகாமும் தந்துவிடாது. நவீன நாடகத்துக்கென்று நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலானோர் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது, நடிகரின் உடலையும் குரலையும் கற்பனையையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்ற நோக்கு இங்கே ஊன்றியது. யாழ்ப்பாணக் கலை அமைப்பான திருமறைக் கலாமன்றம் அதற்கும் முன்னிருந்தே மேடையேற்றங்களோடு பயிற்சியையும் சேர்த்து நடத்திவந்தது. இவர்களிடம் பயின்றவர்களும் அவர்களது மாணவர்களும் இன்று பல பாடசாலைகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ஆகவே ஓகஸ்ட் பயிற்சியை நடத்துபவர்கள் யாரிடம் பயின்றவர்கள், கடந்த சில ஆண்டுகளில் எந்தத் தயாரிப்புகளில் நின்றவர்கள் என்பதை விசாரித்தால், அயலிலுள்ள நாடக ஆசிரியர் ஒருவரே உங்களுக்கு நேர்மையான அபிப்பிராயம் சொல்லிவிடுவார்.

விசாரிக்க வேண்டியவற்றில் முதன்மையானது நேர அட்டவணை. ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் பிள்ளை எழுந்து நின்று செய்கிறது, எத்தனை மணிநேரம் கதிரையிலிருந்து விரிவுரை கேட்கிறது என்று கேளுங்கள். பாதிக்கு மேல் விரிவுரையாயின் அதை வீட்டிலிருந்தும் படிக்கலாம். ஒரு பயிற்றுநருக்கு 15 பிள்ளைகளுக்கு மேல் விழுந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியே திருத்துவது கடினம். இறுதி நாளில் பெரிய நாடகம் ஒன்று மேடையேறும் என்று விளம்பரத்தில் இருந்தால் சற்று நிதானியுங்கள். 12 நாளில் ஒரு முழு நாடகத்தைத் தயாரிக்கப் புறப்பட்டால் ஐந்தாம் நாளிலிருந்து அது வெறும் ஒத்திகையாகிவிடும், முதன்மைப் பாத்திரம் கிடைத்த மூன்று நான்கு பிள்ளைகள் வேலை செய்ய, மற்றப் பிள்ளைகள் காவலர்களாகவும் ஊர்மக்களாகவும் ஓரத்தில் நிற்பார்கள். பிள்ளைகள் செய்த பயிற்சிகளையும் சிறு காட்சிகளையும் பெற்றோர் முன்னிலையில் காட்டி முடிக்கும் குழுவை நான் அதிகம் நம்புவேன். சான்றிதழைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சினிமா வாய்ப்பு, தொலைக்காட்சித் தொடர் வாய்ப்பு என்று ஆசை காட்டிக் கட்டணம் கேட்பவர்களிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்றுநர்களிற் சிலர், உணர்ச்சியை வரவழைப்பதற்காகப் பிள்ளையின் சொந்த வாழ்க்கையிற் பட்ட துயரத்தை நினைவுபடுத்திக்கொள்ளச் சொல்வார்கள். ரஷ்ய நெறியாளர் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கியின் (1863–1938) பெயரைச் சொல்லியே இதைச் செய்வதுண்டு. அவர் உணர்ச்சி நினைவைப் பயன்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் அவரே தம் பிற்காலத்தில், உடற்செயல்களின் வழியாகப் பாத்திரத்தை அணுகும் முறைக்கே முதன்மை கொடுத்தார். மேலே சொன்ன கிணற்றுப் பயிற்சி அந்த வழியைச் சேர்ந்தது. போரிலும் இடப்பெயர்விலும் யாரையாவது பறிகொடுக்காத வீடு அரிதாகிய எங்கள் மண்ணில், பதினாறு வயதுப் பிள்ளையை, முப்பது பேர் பார்த்திருக்க, வீட்டு இழப்பை நினைத்து அழச் சொல்வது பயிற்சியாகாது. அழுத பிள்ளையை யார் கவனிப்பார், அன்றிரவு அது எப்படி நித்திரை கொள்ளும் என்ற பொறுப்பு அந்தப் பயிற்றுநரிடம் இருப்பதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியோர் இழப்பு இருக்குமானால், விசாரிக்கப் போகும்போதே இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். தெளிவான மறுமொழி வராவிட்டால் அனுப்ப வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆயினும் சொல்லிவிடுகிறேன். பயிற்றுநர்களில் ஒரு பெண்ணாவது நாள் முழுவதும் நிற்க வேண்டும். ஒருவரையொருவர் தொட்டுச் செய்யும் பயிற்சிகள் இருக்கும். விருப்பமில்லாத பிள்ளை விலகி நிற்கலாம் என்ற ஒழுங்கு முதல் நாளிலேயே அறிவிக்கப்பட வேண்டும். தொலைபேசியிற் படமெடுத்து முகநூலில் இடுவது உங்கள் அனுமதியின்றி நடக்கக்கூடாது. மாலை எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் திட்டமாகக் கேட்டு, முதல் இரண்டு மூன்று நாள்கள் நீங்களோ கணவரோ நேரிற் போய்க் கூட்டிவாருங்கள்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. வடக்கில் மேடை நாடகத்தை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துவோர் மிக அரிது; நாங்கள் அறிந்த நல்ல நடிகர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களாகவும் அலுவலகங்களில் வேலை செய்பவர்களாகவும் இருந்துகொண்டே நடிக்கிறார்கள். வணிகப் பிரிவில் படிப்பதால் மகளின் நடிப்பு நின்றுவிடாது. மறுபுறத்தில், நாடகமும் அரங்கியலும் நடித்துக்காட்டி இலகுவாகச் சித்தியடையும் பாடம் என்ற எண்ணத்தோடு அதை எடுப்பதும் பிழை. உலக அரங்க வரலாறு, ஈழத்துத் தமிழ் அரங்க வரலாறு, நாடக எழுத்துருக்கள் என்று வாசிக்கவும் எழுதவும் நிறைய உள்ள பாடம் அது. மேடையில் மின்னும் பிள்ளைகள் எழுத்துத் தாளில் தடுமாறுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். அதை எடுப்பதென்றால் கலைப்பிரிவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ, மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ நாடகத்தைப் பட்டப்படிப்பாகத் தொடரலாம். பின்னர் நாடக ஆசிரியராகும் வழியும் இருக்கிறது. வாசிப்பில் விருப்பமும் எழுத்தில் பயிற்சியும் உள்ள பிள்ளையானால் இது நல்ல தெரிவு. கைதட்டலில் மட்டும் விருப்பமுள்ள பிள்ளையானால் வணிகமே நல்லது.

எந்த வகைப் பிள்ளை என்பதை நீங்களே ஓரளவு அறியலாம். அக்கா சொன்னதும் கணவர் சொன்னதும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. மகள் சொன்னதாக ஒரு வாக்கியமும் இல்லை. நடிகையாக விருப்பமா என்று அவளிடம் கேட்க வேண்டாம், அந்த வயதில் யாரும் ஓமென்றுதான் சொல்வார்கள். ஒத்திகையில் உன் காட்சி இல்லாத நேரங்களில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேளுங்கள். மற்றவர்களின் காட்சியை இருந்து பார்த்தேன், இன்னார் அந்த இடத்தில் நின்றது சரியில்லை, அந்த வசனம் கேட்கவில்லை என்று அவள் கதைக்கத் தொடங்கினால், கதையை வளரவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். பின்வளவில் தோழிகளோடு கதைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னால் அதுவும் குற்றமில்லை. பயிற்சிக்குப் போய்விட்டு வந்து அவளே ஒரு முடிவுக்கு வரட்டும்.

ஓகஸ்டுக்கு முன்னரே பெறுபேறு வந்துவிட்டால், பாடசாலையில் வணிகப் பிரிவில் சேர்ந்து வகுப்புக்குப் போகத் தொடங்கட்டும். பயிற்சி முடிந்தபின் கலைப்பிரிவுக்கு மாற விரும்பினால் அதற்கு எத்தனை வாரம் வரை இடமுண்டு என்பதைச் சேரும் நாளிலேயே அதிபரிடமோ பகுதித் தலைவரிடமோ கேட்டுவையுங்கள். பாடசாலைக்குப் பாடசாலை இது வேறுபடும். பயிற்சியின் கடைசி நாளில் உங்கள் கணவரையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். பாராட்டுரைகள் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பயிற்றுநரைத் தனியே சந்தித்து, பிள்ளை எதில் தடுமாறினாள், தடுமாறியபோது என்ன செய்தாள் என்ற இரண்டையும் அவரே கேட்டறியட்டும்.